அனிமேஷன் பேக்கிரவுண்ட் கோடிங் செய்து தருகிறேன் என்று வருபவர்களிடம் உஷார்

வெப்சைட் டிசைன் செய்கிறவர்கள், குறிப்பாக என்னைப் போலத் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எனக்கு 9,000 ரூபாய் போய்விட்டது, நல்ல வாடிக்கையாளர் ஒருவரிடம் என் பேரும் கெட இருந்தது.

ஈரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு வெப்சைட். முகப்பில் பட்டு அசைவது மாதிரி நிறங்கள் மெதுவாக ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கடைக்கார அண்ணன் ஆசைப்பட்டார். வீடியோ போட்டால் பக்கம் திறக்க நேரமாகும், அதனால் ஷேடராக, அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அவ்வப்போது கணக்குப் போட்டு வரையும் சின்ன புரோகிராமாக, எழுதி வாங்கலாம் என்று நினைத்தேன். எனக்கு அது எழுத வராது. ஆன்லைனில் ஒருவர் "முழுக்க சொந்த கோடிங், எங்கேயும் எடுத்தது இல்லை" என்று சொல்லி 15,000 கேட்டார். 9,000 அட்வான்ஸ் போட்டேன். மூன்றே நாளில் அனுப்பிவிட்டார். ஊதாவும் ரோஸுமாக அலை அலையாக, உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, ஊதா வேண்டாம், அரக்கும் மயில்கழுத்தும் வர்ற மாதிரி மாத்திக் குடுங்க" என்றார். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். நான்கு நாள் பதிலே இல்லை, அப்புறம் ஒரு வீடியோ ஃபைல் வந்தது. அதே அலை, மேலே ஒரு கலர் ஃபில்டர், பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை வெடுக்கென்று குதித்து மறுபடி முதலில் இருந்து ஓடுகிறது.

சந்தேகம் வந்து, முதலில் அனுப்பிய கோடை ஷேடர் தெரிந்த நண்பரிடம் காட்டினேன். திறந்த உடனே, "மெயின்இமேஜ், ஐடைம், ஐரெசல்யூஷன்னு பேரெல்லாம் இருக்கே, இது ஷேடர்டாய் தளத்து வழக்கம்" என்றார். ஷேடர் எழுதுபவர்கள் தங்கள் கோடை எல்லோரும் பார்க்கப் போட்டு வைக்கும் தளம் அது. தேடினால் அங்கே வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. எழுதியவர் பெயர் இருந்த மேல் இரண்டு வரியை மட்டும் அழித்திருக்கிறார், ஒரு ஃபங்ஷன் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக்கூடத் தொடவில்லை. எழுதியவர் தனியாக உரிமம் குறிப்பிடாவிட்டால் அந்தத் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் 3.0 உரிமம்தான் பொருந்தும்: பெயர் போட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இதைக் கடை வெப்சைட்டில் ஏற்றியிருந்தால் மாட்டுவது நானும் அண்ணனும்தான்.

எனக்கு ரொம்ப வலித்தது இதுதான்: அந்த கோடில் நிறம் முழுக்க ஒரு கொசைன் சூத்திரத்தில் இருக்கிறது, மும்மூன்றாக நான்கு தொகுதி, மொத்தம் பன்னிரண்டு எண்கள். நண்பர் என் கண் முன்னால் சிலவற்றை மாற்றினார், ஊதா போய் அரக்கு வந்தது. எழுதத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. அதனால் அட்வான்ஸ் போடும் முன் வீடியோ காலில் நிறத்தையும் வேகத்தையும் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண போனிலும் ஓட்டிப் பாருங்கள். 1920க்கு 1080 திரை என்றால் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் விநாடிக்கு 60 தடவை கணக்குப் போட வேண்டும், என் போன் இரண்டு நிமிடத்தில் சூடாகித் திக்க ஆரம்பித்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார். கடைக்கு நண்பரே புதிதாக எழுதிக் கொடுத்தார். அந்த ஆள் இப்போதும் அதே ஊதா அலையைத் தன் சாம்பிள் என்று போட்டு ஆர்டர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.