லவ் பேர்ட்ஸ் சண்டைக்கு மேலப்பாளையம் பாய் கடைத் தடுப்புக் கூண்டு

திருநெல்வேலி மேலப்பாளையத்துல கூண்டு செஞ்சு விக்கிற பாய் கடைக்குப் போனா, கூண்டைக் காட்டுறதுக்கு முன்னாடி அவர் கேக்குறது இதுதான்: "தம்பி, எத்தனை ஜோடி? பானை எத்தனை தொங்குது?"

எனக்கு அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடை பிடிச்சுப்போச்சு. நாம லவ் பேர்ட்ஸ்னு சொல்ற சின்னக் கிளிதான் பட்ஜி. அதுல சண்டையை இழுக்கிறது பெரும்பாலும் பெட்டைதான், இழுக்கிறது முட்டையிடத் தொங்கவிடுற பானைக்காக. பெட்டையோட மூக்கு (அலகுக்கு மேல இருக்கிற சதை) காபிப்பொடி நிறத்துக்கு வந்து சொரசொரன்னு ஆச்சுன்னா முட்டைக்குத் தயார்னு அர்த்தம். அந்த நேரத்துல அடுத்தவ பானைக்குள்ள புகுந்து முட்டையை உடைக்கும், குஞ்சு தலையைக் கொத்தும். மூணு ஜோடின்னா ஆறு பானையாவது தொங்கணும், எல்லாம் ஒரே உயரத்துல இருக்கணும்னு பாய் சொல்லுதாரு. ஒண்ணு மட்டும் மேல இருந்தா எல்லாப் பெட்டையும் அதுக்குத்தான் மல்லுக்கு நிக்கும். ஜோடியில்லாத பெட்டையை அந்தக் கூட்டத்துல விடவே கூடாது. காருகுறிச்சிப் பானையும் கடையிலயே வச்சிருக்காரு.

இனி கூண்டு. மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அரை இஞ்ச் வலை, நடுவுல உருவி எடுக்கிற தடுப்பு. 2,200 ரூபா. வெல்டிங் சுத்தம், கம்பி முனை எங்கயும் நீட்டிக்கிட்டு இல்லை.

ஆனா கூண்டோட தர்றது வலைத் தடுப்பு. அடிச்சுக்கிடுற ரெண்டு பெட்டைக்கு நடுவுல அது போதாது. எங்க நீலப் பெட்டை வலையில தொத்திக்கிட்டு இருக்கும்போது, மஞ்சப் பெட்டை அந்தப் பக்கத்துல இருந்து கால்விரலைக் கவ்வி இழுத்துருச்சு. நகத்தடியில ரத்தம். மஞ்சப்பொடி வச்சு அமுக்கித்தான் நின்னுது. பாய்கிட்ட சொன்னதும் அதே அளவுல தகடு வெட்டிக் குடுத்தாரு, 150 ரூபா. ஒண்ணை ஒண்ணு பாக்க முடியலைன்னதும் ரெண்டும் அடங்கிருச்சு.

வலைத் தடுப்பு வேற வேலைக்கு உதவுது. குஞ்சு பிறந்து ஒரு மாசம் போல ஆனதும் பானையை விட்டு வெளிய வரும். அதுக்குள்ள தாய் அடுத்த முட்டைக்குத் தயாராயிருச்சுன்னா தன் குஞ்சையே விரட்டி விரட்டிக் கடிக்கும். அப்போ தகப்பனையும் குஞ்சுகளையும் ஒரு பக்கம் விட்டுட்டேன், தாய் மறுபக்கம். குஞ்சு தானா தினை கொறிக்கிற வரைக்கும் தகப்பனே ஊட்டிருச்சு.

குறைன்னா, அடித்தட்டு மெல்லிசு, தண்ணி தேங்குனா துரு பிடிக்கும். புது வலையில துத்தநாகப் பூச்சு உதிரும், கிளி அதைக் கடிச்சுத் தின்னா விஷம். வினிகர் தொட்டுத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவச்ச பிறகு பறவையை விடுங்க. இதைக் கடையில யாரும் சொல்லலை, சொல்லியிருக்கணும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை கிடையாது. வலை, தகடு ரெண்டும் வேணும்னு ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிருங்க.