மெல்லிய அடிச் சப்பாத்தும் தலவாக்கலை இறக்கமும்

ஓடுவதற்கு வாங்கிய இந்தச் சப்பாத்தை ஒரு கையால் சுருட்டி உள்ளங்கைக்குள் அடக்கிவிடலாம். அடியில் நாலு மில்லிமீற்றர் ரப்பர், அதற்கு மேல் சீலை போன்ற ஓர் உள்விரிப்பு, அவ்வளவுதான். மெத்தை இல்லை. குதிகாலுக்குக் கீழே உயரம் கிடையாது. விரல்கள் இருக்கும் முன்பக்கம் மட்டும் வாத்தின் கால்போல அகன்றிருக்கிறது. கொழும்புக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். விலை பதினெட்டாயிரம் ரூபாய். இத்தனை கொஞ்சப் பொருளுக்கு இத்தனை காசா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பழகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஓடுபவர்கள். ஓடுபாதையின் ஓரத்தில் குந்தியிருந்து அவர்களின் பாதம் தரையில் படுவதைப் பார்ப்பது என் வழக்கம். வெறுங்காலில் ஓடும் பிள்ளை பெரும்பாலும் குதிகாலைக் குத்தி இறங்குவதில்லை. முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் படும். எடுத்துவைக்கும் எட்டு குறுகலாக இருக்கும். ஓடுகிற சத்தமே கேட்காது. அதே பிள்ளைக்குக் கட்டாரில் இருக்கும் மாமா தடித்த மெத்தை வைத்த சப்பாத்து அனுப்பிவிட்டால் போதும், கொஞ்ச நாளில் காலை முன்னே நீட்டிப் போட்டுக் குதிகாலில் விழத் தொடங்கிவிடும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு இதைக் கென்யாவிலும் அமெரிக்காவிலும் அளந்து 2010இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. சப்பாத்துடன் குதிகாலில் இறங்குபவரைத் தாக்கும் முதல் மோதலைவிட, வெறுங்காலில் முன்பாதத்தில் இறங்குபவரின் மோதல் கடினமான தரையிலும் குறைவு என்பதுதான் அவர்கள் கண்டது.

என் பாதங்களுக்கும் அந்த ஓட்டத்தைப் பழக்க முடியுமா என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன். பழக்குகிறது. மெல்லிய அடியுடன் தார் போட்ட காபட் வீதியில் குதிகாலால் இறங்கினால் அந்த அடி முழங்காலைத் தாண்டி இடுப்புவரை கேட்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலைந்து எட்டுக்குள் உடம்பே எட்டைக் குறுக்கிக்கொள்கிறது, பாதம் உடம்புக்கு நேர் கீழே வந்து விழுகிறது. நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலின் புல்லில் இதைப் போட்டுக்கொண்டு ஓடியபோது, தரையின் மேடு பள்ளம் முழுவதும் விரல்களுக்குத் தெரிந்தது. இந்தச் சுகத்துக்காகவே பாதிக் காசைக் கொடுக்கலாம்.

ஏற்றத்தில் இன்னும் நல்லது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் ஏறும் வீதியில் குதிகால் தரையைத் தொடுவதே அபூர்வம். அங்கே மெத்தை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

வில்லங்கம் திரும்பி வரும்போது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, சரிவில் ஓடும்போது தரை காலைத் தாக்கும் விசையை அளந்தது. ஒன்பது பாகை இறக்கத்தில் மோதலின் உச்சம் சமதரையைவிட 54 சதவீதம் கூடியது. அதே ஒன்பது பாகை ஏற்றத்தில் அந்த மோதல் இல்லாமலே போனது. நம் தோட்டப் பாதைகளில் ஒன்பது பாகை என்பது சர்வசாதாரணம். சப்பாத்து விமர்சனம் எழுதுகிறவர்கள் அநேகமாகச் சமதரை ஊர்க்காரர்கள். ஏறியவர் இறங்கியே ஆகவேண்டிய ஊரில் அவர்களின் தீர்ப்பு பாதிதான் செல்லும். இறக்கத்தில் உடம்பு பின்னே சாயும், கால் தானாக முன்னே நீளும், குதிகால் விழும். வெறும் நாலு மில்லிமீற்றர் ரப்பரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. முன்பாதத்திலேயே இறங்குவேன் என்று அடம்பிடித்தால் கெண்டைக்கால் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு மறுநாள் கணக்குத் தீர்க்கும். பாடசாலை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்காலிலிருந்து எடுத்த சுமை எங்கும் காணாமல் போவதில்லை. கணுக்காலுக்கும் குதிகாலுக்குப் பின்னால் உள்ள தடித்த தசைநாணுக்கும் பாதத்தின் நீண்ட எலும்புகளுக்கும் போய்ச் சேருகிறது. அந்த எலும்புகள் பழகுவதற்குள் ஓட்டத்தைக் கூட்டினால் வெடிப்பு வரை போகக்கூடும்.

பெட்டிக்குள் இருந்த துண்டுப்பிரசுரத்தில் இது எதுவும் இல்லை. முழங்கால் வலி, முதுகுவலி எல்லாம் பறந்துவிடும் என்று இருந்தது. கூடவே எத்தியோப்பிய ஓட்டவீரர் அபேபே பிக்கிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலில் ஓடி வென்ற கதை. அதே பிக்கிலா 1964இல் தோக்கியோவில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மூன்று நிமிடம் விரைவாக ஓடி மறுபடியும் தங்கம் வென்றதை இவர்கள் அச்சடிப்பதில்லை. விரல்விரலாகப் பிரிந்த சப்பாத்தை விற்ற விப்ரம் நிறுவனம், உடல்நல விளம்பரங்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2014இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 37.5 இலட்சம் டொலருக்கு முடித்துக்கொண்டது. துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர்கள் அதையாவது படித்திருக்கலாம்.

“டீச்சர், இதற்குப் பேசாமல் வெறுங்காலோடு ஓடலாமே?” என்று கொழுந்துக் கூடையுடன் வந்த ஓர் அக்கா கேட்டார். புல்லில் என்றால் ஓடலாம், அக்கா. வீதியோரத்தில் உடைந்த போத்தல் துண்டுகளும் கருங்கல் சல்லியும் கிடக்கின்றனவே. ரப்பர் மெலிது என்றாலும் கண்ணாடி ஏறவில்லை. சல்லிக்கல் மட்டும் நன்றாகவே உறைக்கும்.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வரி: நனைந்த காபட் வீதியில் பிடிப்பு பரவாயில்லை, களிமண் பாதையில் வழுக்கல். அட்டைக்கு இது திறந்த வீடு. உள்ளே காலுறை போடாமல் தேயிலை மலைக்குள் இறங்காதீர்கள். ஆனால் இரவில் அடுப்படியில் தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். மெத்தைச் சப்பாத்து ஒன்று நம் மூடுபனியில் காய்வதற்குள் நாற்றமே பிடித்துவிடும்.

ஆகவே நான் இப்போது புல்வெளிக்கும் ஏற்றத்துக்கும் இதைப் போடுகிறேன். நீண்ட இறக்கம் உள்ள நாளில் பழைய மெத்தைச் சப்பாத்துதான், ஆனால் இதில் பழகிய குறுகிய எட்டுடன். ஒரே ஒரு சோடி வாங்கத்தான் காசிருக்கிறது என்றால் இதை வாங்கவேண்டாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் கிட்டவும் போகவேண்டாம். கல் குத்தியது தெரியாத பாதத்துக்கு இது ஆபத்து. மற்றவர்கள் வாங்கினால் முதல் சில வாரங்கள் வீட்டுக்குள்ளும் கடைக்குப் போகும்போதும் போட்டு நடந்து பழகுங்கள். ஓட்டம் அதற்குப் பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

அளவை மாலையில் எடுங்கள், பாதம் அப்போது சற்று விரிந்திருக்கும். நான் கடதாசியில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, படமெடுத்துக் கடைக்கு அனுப்பினேன். வழக்கத்தைவிட ஓர் எண் கூட்டி அனுப்பினார்கள், சரியாக இருந்தது. வெள்ளை நிறத்தில் கேட்காதீர்கள். இங்குள்ள சேறு அதில் ஏறினால் போகாது.