லெவல் 2 சர்வேயா, லெவல் 3 சர்வேயா? குறை பிறகு வெளிப்பட்டால் எது கைகொடுக்கும்

இங்கிலாந்தில் வீடு விற்கிறவர், அதன் கட்டடக் குறைகளைத் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் கொடுத்தால் மாட்டிக்கொள்வார். யாரும் கேட்காததைச் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பாடு. நமக்காகப் பார்க்க வருகிறவர் சர்வேயர்; இங்கே அது நிலம் அளப்பவர் அல்ல, வீட்டின் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். அந்த அறிக்கைதான் சர்வே. அவர் பார்க்காமல் விட்டது பின்னால் தெரியவந்தால் சண்டை அவரோடுதான்.

லண்டன் ஹாரோ பக்கம் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு பொது) ஒன்றை நாங்கள் வாங்கியபோது எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வங்கி செய்யும் மதிப்பீட்டோடு நின்றுவிடலாம். சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ் வகுத்த லெவல் 2 சர்வே எடுக்கலாம். அல்லது லெவல் 3. நாங்கள் லெவல் 3 எடுத்தோம். இன்றைக்கும் யார் கேட்டாலும், வீடு பழையது என்றால், அதையே எடுக்கச் சொல்வேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

வங்கி மதிப்பீட்டை முதலில் தள்ளிவைத்துவிடலாம். அது வங்கி தன் கடனுக்கு அந்த வீடு போதுமான ஈடா என்று பார்த்துக்கொள்வது. பல நேரம் யாரும் வீட்டுக்கு வருவதுகூட இல்லை, கணினியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் இதை நம்பி வாங்கி, வழக்குப் போட்டு ஜெயித்தவர்கள் உண்டு. 1980ல் நாரிச் நகரில் ஒரு பெண்மணி 18,000 பவுண்டுக்கு வீடு வாங்கினார். கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பிய சர்வேயரின் அறிக்கையில் பெரிய பழுது எதுவும் தேவையில்லை என்று இருந்தது. கீழே புகைபோக்கிச் சுவரை யாரோ இடித்து எடுத்திருந்தார்கள். மேலே மிச்சமிருந்த செங்கல்லுக்குத் தாங்கல் இருக்கிறதா என்று சர்வேயர் பார்க்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அது கூரையைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது. ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வாசகம் அறிக்கையிலேயே இருந்தும், அது செல்லாது என்று அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை 1989ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எளிய விலையில் குடியிருக்க வாங்கும் சாதாரணக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இன்றைய லண்டன் விலையில் அதை நம்பி இறங்க எனக்குத் துணிவு இல்லை.

மிச்சம் இரண்டு. வெளிப்படையான வித்தியாசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெவல் 3க்குக் கட்டணம் அதிகம், பல இடங்களில் லெவல் 2ஐப் போல ஒன்றரை மடங்கு வரும். சர்வேயர் வீட்டில் இருக்கும் நேரமும் கூடுதல். இரண்டிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பெண் உண்டு. இரண்டிலும் ஓதம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் தரையைப் பெயர்க்க மாட்டார்கள், சுவரைத் துளைக்க மாட்டார்கள், கனமான அலமாரியை நகர்த்த மாட்டார்கள். லெவல் 2 ‘இது இப்படி இருக்கிறது’ என்று சொல்லி நிறுத்தும். லெவல் 3 அது ஏன் அப்படி ஆனது, விட்டால் என்ன ஆகும், எப்படிச் சரிசெய்வது, எவ்வளவு சீக்கிரம் என்பதையும் எழுதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. குறை பிறகு வெளிப்படும்போது சர்வேயர் என்ன பதில் சொல்ல முடியும் என்பதுதான் அது.

என் சித்தப்பா மகன் இல்ஃபோர்ட் பக்கம் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றை லெவல் 2 சர்வேயோடு வாங்கினான். முதல் குளிர்காலத்திலேயே முன்னறைச் சுவரில் ஓதம் ஏறியது. தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் கீழே மரச்சட்டங்கள் கைபட்டால் உதிரும் அளவுக்கு இற்றிருந்தன. சர்வே நிறுவனத்துக்கு எழுதினான். வந்த பதில் மூன்று வரி. சர்வே நாளில் அந்தச் சுவரை சோபா மறைத்திருந்தது. தரைக்கு அடியில் பார்ப்பது இந்த சர்வேயின் எல்லைக்குள் வராது. தவிர, ‘ஓதம் குறித்து நிபுணர் ஒருவரை வைத்து எக்ஸ்சேஞ்சுக்கு (ஒப்பந்தம் கைமாறி உறுதியாவதற்கு) முன் மேலும் ஆராயப் பரிந்துரைக்கிறோம்’ என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் லெவல் 2 அறிக்கைகளின் கவசம். ஒவ்வொரு பகுதியிலும் அது திரும்பத் திரும்ப வரும். வாங்குகிறவர் பழகிப்போய்த் தாண்டிப் போய்விடுவார். பிறகு வழக்கு என்று வந்தால், ‘சொன்னோமே, நீங்கள்தான் செய்யவில்லை’ என்பது பலமான பதில். இதற்கு எதிராக நமக்கும் ஒரு பிடி உண்டு. கண்ணில் சந்தேகத்துக்கான தடயம் பட்டால் சர்வேயர் அதைப் பின்தொடர்ந்து போக வேண்டும் என்பது இங்கே நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட விதி, எளிய சர்வேக்கும் அது பொருந்தும். தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டான். சோபாவுக்கு வெளியேயும் கறை தெரிந்ததை விற்பனை விளம்பரப் படமே காட்டியது. முதலில் சர்வே கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அவன் மறுத்து ஓம்புட்ஸ்மன் (கோர்ட்டுக்கு வெளியே புகாரைத் தீர்க்கும் நடுவர்) வரை போனான். கடைசியில் ஒரு தொகை கிடைத்தது. பழுதுபார்த்த செலவில் பாதிகூட இல்லை.

பாதி கிடைக்காததற்குக் காரணம் லெவல் 2 மட்டும் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சர்வேயர் தவறு செய்தது நிரூபணமானாலும் இங்கே நஷ்டஈடு பொதுவாகப் பழுதுபார்க்கும் செலவு அல்ல. அறிக்கை சொன்ன நிலையில் வீட்டின் மதிப்புக்கும் உண்மையான நிலையில் அதன் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவுகோல். 1991ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒரு தம்பதி முழு சர்வே எடுத்து 1,77,500 பவுண்டுக்குக் கிராமத்து வீடு வாங்கினார்கள். அறிக்கையில் இல்லாத குறைகளைச் சரிசெய்ய ஏறக்குறைய 34,000 பவுண்டு ஆனது. குறைகளோடு அந்த வீட்டின் மதிப்பு 1,62,500 என்று கண்டார்கள். கிடைத்தது 15,000 பவுண்டு. அலைச்சலுக்காக ஆளுக்கு 750. இத்தனைக்கும் அவர்கள் எடுத்தது அன்றைய முழுமையான சர்வே.

அப்படியானால் கூடுதல் பணம் கொடுத்து லெவல் 3 எதற்கு? பிறகு கிடைக்கும் பணம் எப்படியும் குறைவு என்பதால்தான். சண்டையை எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே, விற்பவரோடு, விலை பேசும் இடத்திலேயே முடிக்க வேண்டும். அதற்கு அறிக்கையில் ஆழம் வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. சமையலறையில் புகைபோக்கிச் சுவர் இல்லை, மேல் படுக்கையறையில் இருந்தது. லண்டனில் இடத்துக்காக இதைச் செய்த வீடுகள் நிறைய. சர்வேயர் பரணுக்கும் மேல்தளத்துக்கும் போய்ப் பார்த்து, மேலே உள்ள செங்கல் எதன்மேல் நிற்கிறது என்று தெரியவில்லை, கட்டட வேலை விதிப்படி நடந்தது என்று காட்டும் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழ் இருக்கிறதா என்று சொலிசிட்டர் (வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல்) மூலம் கேளுங்கள், இல்லையென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துத் திறந்து பாருங்கள், அதுவரை எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று எழுதினார். இதுவும் ‘மேலும் ஆராயுங்கள்’தான். ஆனால் எதை, ஏன், யாரை வைத்து, எப்போதைக்குள் என்பது அதில் இருந்தது. சான்றிதழ் இல்லை. திறந்து பார்த்தபோது பீம் இல்லை, சுவரில் போல்ட் அடித்த இரண்டு சின்ன இரும்புத் தாங்கிகள். பீம் போடும் செலவை விற்பவர் விலையில் குறைத்துக்கொண்டார். கோர்ட்டும் இல்லை, ஓம்புட்ஸ்மனும் இல்லை.

இன்னொரு பயனும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. லெவல் 3 அறிக்கையில் சொலிசிட்டருக்கான கேள்விகள் தெளிவாக வரும். அவற்றை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கினால், விற்பவர் சொன்ன பொய்யும் பதிவாகிவிடும். வீட்டைப் பற்றிய கேள்விகளுக்கு விற்பவர் பதில் நிரப்பும் டிஏ6 படிவத்தின் பலமும் இதுதான். லண்டன் ரேன்ஸ் பார்க்கில் 2018ல் 7,00,000 பவுண்டுக்கு விற்ற வீட்டில், வேகமாகப் பரவி வீட்டின் மதிப்பையே குறைக்கும் ஜப்பானிய நாட்வீட் செடி இருக்கிறதா என்ற கேள்விக்கு விற்பவர் ‘இல்லை’ என்று டிக் செய்திருந்தார். ‘தெரியாது’ என்ற கட்டமும் அங்கே இருந்தது. தோட்டத்தில் செடி கிளம்பியது. 2023ல் தீர்ப்பு, வாங்கியவருக்கு நஷ்டஈடு 32,000 பவுண்டு. வழக்குச் செலவோடு சேர்த்து விற்றவர் தலையில் விழுந்தது 2,00,000 பவுண்டுக்கு மேல். அந்தச் செலவுத் தொகையைப் பார்த்தாலே, இந்த வழக்குகளில் தோற்பவர் நிலைமை என்ன என்று புரியும். ஒருவேளை தோற்பது நாமாகவும் இருக்கலாம்.

லெவல் 2 பக்கம் பேசுகிறவர்கள் ஒரு வழக்கை எடுத்துக்காட்டுவார்கள், அது நியாயமான வாதமும்கூட. டெவனில் டார்ட்மத் ஊரில் 2011ல் ஒரு தம்பதி 12,00,000 பவுண்டுக்கு வீடு வாங்கினார்கள். அதற்குச் சற்று முன்புதான் அது பெரிய அளவில் மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. சர்வேயர் கொடுத்தது இன்றைய லெவல் 2க்கு முன்னோடியான அறிக்கை. வீடு முழுக்க ஈரம் இறங்கியது. இந்த வீட்டுக்கு இந்த சர்வே போதாது, முழு சர்வே எடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், கட்டுமானத்தை மேற்பார்த்த நிபுணரின் சான்றிதழைக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. நஷ்டத்தை 7,50,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். 2021ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. குறைந்த சர்வே எடுத்தவர்களுக்கே இவ்வளவு பெரிய தீர்ப்பு என்றால் கூடுதல் பணம் ஏன் என்று கேட்கிறார்கள். நான் பார்ப்பது தேதிகளை. வாங்கியது 2011, மேல்முறையீடு முடிந்தது 2021. பத்து வருடம் ஈரச் சுவரோடும் வக்கீல் கடிதங்களோடும் வாழ எந்தக் குடும்பத்தையும் நான் அனுப்ப மாட்டேன். தவிர, அந்த வழக்கின் சூழ்நிலையே தனி என்று நீதிபதிகளே சொன்னார்கள்.

லெவல் 2 போதும் என்று நான் நினைக்கும் இடங்களும் உண்டு. 1990களுக்குப் பிறகு கட்டிய, யாரும் கைவைக்காத, வழக்கமான செங்கல் வீடு என்றால் லெவல் 3 அதிகப்படி. ஃபிளாட் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. அங்கே தலைவலி சர்வேயில் இல்லை, லீஸிலும் சர்வீஸ் சார்ஜிலும் இருக்கிறது என்று வாங்கிய நண்பர்கள் சொல்கிறார்கள், அதை அப்படியே சொல்கிறேன். நானும் கோர்ட் வரை போனவன் இல்லை. மேலே சொன்ன வழக்குகள் படித்துத் தெரிந்தவை, தம்பியின் சண்டை மட்டும் கூட இருந்து பார்த்தது.

எதை எடுத்தாலும், கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். 2015ன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கவனமாக வேலை செய்யும் கடமையை மொத்தமாகக் கழற்றிவிட முடியாது, வரம்பை நாம் கொடுத்த கட்டணத்துக்குக் கீழே வைக்கவும் முடியாது. அதற்கு மேல் வைத்தாலும் அது நியாயமா என்று கோர்ட் பார்க்கலாம். லெவல் 2 என்றால், வீட்டின் வயது, செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஈமெயிலில் எழுதி, ‘இந்த வீட்டுக்கு இந்த லெவல் போதுமா?’ என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டார்ட்மத் வழக்கில் முக்கியமாக நின்ற கேள்விகளில் அதுவும் ஒன்று.

குறை வெளிப்பட்டுவிட்டால், உடனே ஆளைக் கூப்பிட்டு இடித்துச் சரிசெய்ய வேண்டாம். தண்ணீர் ஒழுகுவது போன்ற அவசரம் என்றால் மட்டும் தடுத்து நிறுத்துங்கள், அதையும் படம் எடுத்த பிறகு. சர்வேயர் திரும்ப வந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆதாரத்தை அழித்துவிட்டீர்கள் என்பார்கள். நிறுவனத்தின் புகார் முறைப்படி எழுத்தில் அனுப்புங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் இலவசமாக ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கோர்ட்டுக்குப் பொதுவாக ஆறு வருடக் கெடு. மறைந்திருந்த குறை என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் கிடைக்கலாம், ஆனால் தவறு நடந்து பதினைந்து வருடம் தாண்டிவிட்டால் எதுவும் நடக்காது. சர்வே அறிக்கை, விற்பனை விளம்பரப் படங்கள், டிஏ6, சொலிசிட்டர் கடிதங்கள் எல்லாவற்றையும் அதுவரை அழிக்காமல் ஒரே இடத்தில் வைத்திருங்கள். விளம்பரத்தில் வந்த படங்களை வீடு விற்றதும் நீக்கிவிடக்கூடும், அவற்றை முதல் நாளே சேமித்துவிடுங்கள்.