நடுவலியோடு 18 மாதம்: இடுப்பு பெல்ட்டும் கோடுபோட்ட நோட்டும்

2024 ஜூனில், எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஒருநாள் விட்டதைப் பார்த்துப் பால்வெட்டுக்கு இறங்கினேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்குச் சரிவான தோட்டம், 260 ரப்பர் மரம். வெட்டி முடித்து, சிரட்டைகளில் இருந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கியது. வாளியைக் காப்பாற்றப் பார்த்ததில் உடம்பு ஒரு பக்கமாகத் திருகி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எங்கள் ஊரில் இடுப்புவலியை நடுவலி என்றுதான் சொல்வோம். எனக்கு அது அன்றைக்குத் தொடங்கியது.

அதற்குப் பிறகு பயன்படுத்திப் பார்த்தவை நிறைய. மாத்திரை, தைலம், சுடுநீர்ப் பை, வர்ம வைத்தியம் செய்யும் ஆசானின் தடவல், பிசியோதெரபி. ஆனால் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாக எழுத நினைக்கிறேன். ஒன்று, 650 ரூபாய்க்கு வாங்கிய இடுப்பு பெல்ட். இன்னொன்று, 40 ரூபாய் கொடுத்து வாங்கிய கோடுபோட்ட நோட்டு.

முதலில் பெல்ட். விழுந்த முதல் மூன்று வாரம் அது உதவியது, அதை மறுக்க மாட்டேன். கட்டிலிலிருந்து எழும்பவும், மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் உட்கார்ந்து போகவும் ஒரு பிடிமானம் கிடைத்தது. சிக்கல் அப்புறம்தான். ஸ்கேனில் எல்4–எல்5 டிஸ்க், அதாவது இடுப்பின் கடைசி இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற ஜவ்வு, பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்தவர், "எலும்பு தேஞ்சு போச்சு, ஜவ்வு வெளிய வந்திருக்கு, இனி குனியப்பிடாது, பாரம் தூக்கப்பிடாது" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பேச்சிலிருந்து வெளியே வர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. நடு என்றால் ஒரு கண்ணாடிப் பாத்திரம், பெல்ட் கட்டினால்தான் உடையாமல் நிற்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. தூங்கும்போதும் கட்டியிருந்தேன். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவேன். அந்த வெல்க்ரோ 'பர்ர்' என்று பிரிகிற சத்தம் கேட்டாலே நடு இறுகும். வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள், "இன்னும் கழத்தவே இல்ல, அதுக்குள்ள பிடிச்சிட்டா?" அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பார்த்தது சரி என்று பின்னால்தான் புரிந்தது.

நவம்பரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்ன வயதுப் பெண். ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு எதச் செய்ய ரொம்பப் பயம்?" என்று கேட்டது. யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. குனிவது என்றேன். நோட்டு வாங்கி மூன்று கட்டம் போடச் சொன்னது. செய்யப்போகும் வேலை. எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறேன், பத்துக்கு. செய்து முடித்தபின் உண்மையில் எவ்வளவு வலித்தது. அவ்வளவுதான். வேலையைச் செய்வதற்கு முன்பே நடுக் கட்டத்தை நிரப்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் கண்டிப்பு.

என் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து: குனிந்து செருப்பு வார் போடுவது, நினைத்தது 7, வலித்தது 3. கிணற்றடியிலிருந்து அரைக்குடம் தண்ணீர், நினைத்தது 8, வலித்தது 4. தரையில் சப்பணம் போட்டுச் சாப்பிடுவது, நினைத்தது 6, வலித்தது 6. பஸ்ஸில் நாகர்கோவில் வரை, நினைத்தது 3, வலித்தது 7. கடைசி இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நோட்டு எல்லா நாளும் நல்ல செய்தி சொல்லவில்லை. ஆனால் நாற்பது வரி சேர்ந்தபின் புரட்டிப் பார்த்தால், முக்கால்வாசி இடங்களில் என் பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. என் கையெழுத்திலேயே அது இருந்ததால், வேறு யாரோ தேற்றுகிறார்கள் என்று தள்ளிவிட முடியவில்லை.

அந்தப் பெண் இன்னொரு செய்தியும் சொன்னது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்து 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வந்ததாம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது, 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். அத்தனை பேரும் வலி இல்லாமல் நடமாடியவர்கள். எனக்கு 47 வயது. வீட்டுக்கு வந்து அந்த ஸ்கேன் கவரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதமாக எனக்கு அது தீர்ப்பு போல இருந்தது. அன்றைக்கு நரைமுடி மாதிரி தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்போ வலி எல்லாம் மனப்பிரமையா என்று கேட்காதீர்கள். என் வலி உண்மை. இரவில் கால் வரை இழுத்த வலி, மாத்திரை இல்லாமல் தூங்க முடியாத வலி. நான் புரிந்துகொண்ட விதம் இப்படி: வீட்டில் ஒருமுறை திருடன் வந்துபோனால், அப்புறம் தென்னை ஓலை விழுந்தாலும் நாய் குரைக்கும். குரைப்பு உண்மைதான், ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் திருடன் இருக்கிறான் என்று இல்லை. 1995-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த சம்பவம் ஒன்று உண்டு. கட்டடத் தொழிலாளி ஒருவர் 15 செ.மீ. ஆணி மேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது, தாங்க முடியாத வலி, மயக்க மருந்து கொடுத்துத்தான் கழற்றினார்கள். ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறலும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றை என் உடம்பிலேயே பார்த்தேன். 2025 சிவராத்திரி. சிவாலய ஓட்டம் எங்கள் ஊருக்குத் திருவிழாவைவிடப் பெரிது. திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோவில். காவி வேட்டி, கையில் விசிறி, "கோவிந்தா கோபாலா" என்று வெறுங்காலில் ஓடிவருவார்கள். வழியில் நின்று பானகமும் சுக்குநீரும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் நான் நாற்காலியில் உட்கார்ந்து கப் மட்டும் எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. கூட்டம் கூடியது. அண்டாவிலிருந்து கோரிக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லை. நான் எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். குனிந்து கோரி, நிமிர்ந்து ஊற்றி, எத்தனை மணி நேரம் என்று தெரியாது. உள்ளங்கால் வெடித்து ரத்தம் வந்த ஒரு பையன் சிரித்துக்கொண்டே இரண்டு கப் வாங்கிக் குடித்துவிட்டு ஓடினான். அவனுக்கும் வலி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதுதான் பார்க்கிறேன், பெல்ட் நாற்காலி முதுகில் தொங்குகிறது. எப்போது கழற்றினேன் என்று இன்றும் நினைவில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஹென்றி பீச்சர் என்ற டாக்டர், மோசமாகக் காயம்பட்டு வந்த சிப்பாய்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வலிமருந்து வேண்டாம் என்றதைக் கண்டு 1946-ல் எழுதினார். உயிரோடு போர்க்களத்தைவிட்டு வெளியே வந்தாயிற்று என்ற நிம்மதி, காயத்தின் அர்த்தத்தையே அவர்களுக்கு மாற்றிவிட்டது என்பது அவர் கருத்து. அண்டா முன்னால் நின்றதை நினைத்துக்கொண்டால் அது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

மறுநாள் வலித்தது, நோட்டில் 5. ஆனால் நான் பயந்தது போல நடு உடையவில்லை.

இலையுதிர்வு முடிந்து ஏப்ரலில் வெட்டு தொடங்கியபோது 20 மரத்தில் ஆரம்பித்தேன். வாரத்துக்கு 20 கூட்டினேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நல்ல நாளிலும் அந்த வாரக் கணக்குக்கு மேல் போகவில்லை, கெட்ட நாளிலும் முடிந்தவரை விடவில்லை. வலி இல்லாத நாளில் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் செய்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது நான் முதலில் செய்த தப்பு. ஆகஸ்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தி மறுபடி பிடித்துக்கொண்டது. பழைய பயம் அப்படியே வந்தது. பெல்ட்டைத் தேடினேன், உண்மை. அப்புறம் உட்கார்ந்து நோட்டின் பழைய பக்கங்களை வாசித்தேன். நான்காம் நாள் தோட்டத்துக்குப் போய்விட்டேன், பாதி மரம் மட்டும்.

எனக்கு உதவாதவையும் உண்டு. "வலி இல்லை, வலி இல்லை" என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தேன், கவனம் முழுக்க வலியில்தான் போய் நின்றது. "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்று சொன்ன சொந்தக்காரர்களின் பேச்சும் உதவவில்லை, குற்றம் சாட்டுவது போலத்தான் இருந்தது. மனசு லேசாக வேண்டுமானால் வீட்டில் அரிசி இருக்க வேண்டும். வெட்டுக்கு ஆள் விட்டுப் பாதி வருமானத்தில் ஓட்டிய மாதங்களில் என் வலி எண் கூடித்தான் இருந்தது, நோட்டில் அது தெளிவாகத் தெரிகிறது. ஆசானின் தடவல் பற்றிக் கேட்பீர்கள். உடம்பில் உள்ள 108 வர்மப் புள்ளிகளில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று அவர் எண்ணிச் சொல்லிக்கொண்டே, "பயந்த உடம்பு இளகாது மக்களே" என்பார். எண்ணெய்ச் சூடும் அந்தப் பேச்சும் சேர்ந்து அன்றைய ராத்திரி நல்ல தூக்கம் வரும். எனக்கு அதுவே பெரிது.

நோட்டு எல்லோருக்கும் போதாது. கால் மரத்து பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்வு இல்லாவிட்டாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு இவை ஒன்றும் இல்லை என்று பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் இந்த வழிக்கே வந்தேன்.

இப்போது டிசம்பர். 260 மரத்தில் 220 நான் வெட்டுகிறேன். தரையோடு ஒட்டிக் குனிந்து வெட்ட வேண்டிய 40 மரம் மகன் பொறுப்பு. காய்ந்த ரப்பர் ஷீட் கட்டைத் தூக்கிக் கடைக்கு ஏற்றுவதும் அவன்தான். அதற்கு நோட்டில் நான் எழுதியிருக்கும் எண் இன்னும் 8, மூன்றாவது கட்டம் காலி. பிப்ரவரியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது பத்து கிலோவில் தொடங்கிப் பார்க்கப் போகிறேன்.