சீமோர் ஹெர்ஷோட 'ரிப்போர்ட்டர்': மை லாய் பகுதிக்காகவே வாங்கலாம்

பத்து நாளா பஸ்ல போறப்போ வர்றப்போ எல்லாம் இதைத் தான் படிச்சிட்டிருந்தேன், நேத்து ராத்திரி முடிச்சேன். அமெரிக்க புலனாய்வுப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் தன்னோட வேலையைப் பத்தி எழுதின புக், 2018ல வந்தது. 350 பக்கத்துக்கு மேல இருக்கேன்னு பயப்படாதீங்க, ஏஜென்சில செய்தி எழுதிப் பழகின ஆள்ங்கிறதால வாக்கியம் எல்லாம் சின்னச் சின்னதா தான் இருக்கு, இங்கிலீஷ் படிக்கக் கொஞ்சம் தயங்குறவங்களும் ஓட்டிடலாம்.

சிகாகோல அப்பா ட்ரை கிளீனிங் கடை வெச்சிருந்தவர், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பம். அப்பா சீக்கிரமே இறந்துட, கடையையும் பார்த்துக்கிட்டு காலேஜும் முடிச்சு, சட்டம் படிக்கப் போய் மார்க் இல்லாம வெளிய அனுப்பப்பட்டு, 1959ல சிட்டி நியூஸ் பீரோல எடுபிடியா சேர்றார். "உங்க அம்மா உன் மேல பாசமா இருக்கேன்னு சொன்னாக்கூட விசாரிச்சுப் பாரு"ன்னு அங்க ஒரு பழமொழியே உண்டு. அங்கிருந்து ஏபி செய்தி நிறுவனம், அதுல பென்டகன்ங்கிற ராணுவத் தலைமையகத்து செய்தி சேகரிக்கிற வேலை. ரசாயன ஆயுதம் பத்தி எழுதினதை ரொம்ப வெட்டிட்டாங்கன்னு 1967ல ஏபிய விட்டு வெளிய வந்துடறார்.

மை லாய் பகுதி தான் புக்கோட உயிர். 1968 மார்ச் 16, வியட்நாம்ல மை லாய்ங்கிற கிராமத்துக்குள்ள அமெரிக்க ராணுவம் போய் பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்கன்னு பார்க்காம சுட்டுத் தள்ளினாங்க, வியட்நாம் கணக்குல செத்தவங்க 504 பேர். ஒன்றரை வருஷம் மூடி மறைச்சாச்சு. 1969 அக்டோபர்ல ஹெர்ஷுக்கு ஒரு துப்பு வருது, வியட்நாம்ல பொதுமக்களைக் கொன்னதா யாரோ ஒரு ராணுவ ஆள் மேல ராணுவமே கேஸ் போட்டிருக்குன்னு. அப்போ அவருக்கு பின்னாடி எந்தப் பேப்பரும் இல்ல, ஃப்ரீலான்ஸ். அந்த ஆள் வில்லியம் காலி அப்படிங்கிற லெப்டினன்ட்னு தேடிக் கண்டுபிடிச்சு, அவரோட வக்கீலைப் பார்க்க சால்ட் லேக் சிட்டிக்கு ஃபிளைட் ஏறுறார். அந்த வக்கீல் டேபிள் மேல குற்றப்பத்திரிகை இருக்கு, இவர் எதிர் சீட்ல உக்காந்து, பேசிக்கிட்டே, தலைகீழா இருக்கிற அந்தப் பேப்பரைப் படிச்சு நோட்ஸ் எடுக்கிற மாதிரி வார்த்தை வார்த்தையா எழுதிக்கிறார். 109 பேரைக் கொன்னதா குற்றச்சாட்டு. அந்த இடத்துல நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுட்டேன்.

அப்புறம் காலி இருந்த ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம்ல நாள் பூரா கார்ல சுத்தி, விசாரிச்சு, ராத்திரி தான் காலியைப் பிடிக்கிறார். எழுதியாச்சு, ஆனா பெரிய மேகசின்கள் வாங்கிக்கல. டிஸ்பாட்ச்னு ஒரு குட்டி செய்தி நிறுவனம் வழியா ஒவ்வொரு பேப்பரா கேட்டு கேட்டு வித்தாங்க, 1969 நவம்பர்ல 30க்கும் மேல பேப்பர்ல வந்துச்சு, அடுத்த வருஷம் பத்திரிகைக்கான புலிட்சர் பரிசு. இதுல என்னால மறக்க முடியாதது மை லாய்ல சுட்டவங்கள்ல ஒருத்தரான மெட்லோங்கிற சிப்பாயோட அம்மா. இண்டியானால பண்ணை வீடு, கண்ணிவெடில காலை இழந்து திரும்பின பையன். நான் நல்ல பிள்ளையைத் தான் அனுப்பினேன், அவங்க கொலைகாரனாக்கி அனுப்பிட்டாங்கன்னு அந்தம்மா சொல்றாங்க. படிச்சுட்டு புக்கை மூடி வெச்சுட்டேன், அன்னிக்கு அதுக்கு மேல படிக்கல.

நியூயார்க் டைம்ஸ் பேப்பர்ல வேலை பார்த்த காலமும் நல்லா இருக்கு. அமெரிக்க உளவு நிறுவனம் சிஐஏ சொந்த நாட்டுலயே குறைஞ்சது 10,000 பேர் மேல ஃபைல் வெச்சிருந்ததை 1974 டிசம்பர்ல எழுதினார், அதுக்கப்புறம் தான் செனட் விசாரணையே வந்துச்சு. 2004ல நியூயார்க்கர் மேகசின்ல, ஈராக்ல அமெரிக்க ராணுவம் நடத்தின அபு கிரைப் சிறைக் கொடுமையை எழுதினப்போ அவருக்கு வயசு 67, அதே வேகம். அமெரிக்க அதிபரா இருந்த நிக்சன் மனைவியை அடிச்சதா தகவல் கிடைச்சும் எழுதாம விட்டதை, அப்போ எனக்கு அதை ஒரு குற்றமா பார்க்கத் தெரியலன்னு ஒத்துக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

ஆனா அதே நேர்மை எல்லா இடத்துலயும் இருக்கான்னா இல்ல. நம்ம நாட்டு சம்பந்தமா ஒண்ணு இருக்கு, நிக்சனோட வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் பத்தி 1983ல எழுதின புக்ல, நம்ம முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் சிஐஏ கிட்ட காசு வாங்கினார்னு எழுதினார், தேசாய் 5 கோடி டாலர் கேட்டு சிகாகோல கேஸ் போட்டார். கிஸ்ஸிங்கரே சாட்சி சொல்லி எனக்குத் தெரிஞ்சு அப்படி இல்லன்னார். 1989ல தீர்ப்பு ஹெர்ஷ் பக்கம் தான், ஆனா அமெரிக்கால பொது வாழ்க்கைல இருக்கிறவர் ஜெயிக்கணும்னா, எழுதினவர் பொய்னு தெரிஞ்சே எழுதினார், இல்ல உண்மையான்னு கவலையே படாம எழுதினார்னு நிரூபிக்கணும், அதனால அந்தத் தீர்ப்பை வெச்சு தேசாய் காசு வாங்கினது நிரூபணம் ஆயிடுச்சுன்னு சொல்ல முடியாது. பிற்காலத்துல, 2015ல பின் லேடன் கொல்லப்பட்டது பத்தி எழுதினது மாதிரி, பேர் சொல்லாத ஆளுங்களை நம்பி எழுதினதுக்கு நிறைய எதிர்ப்பு வந்துச்சு. மை லாய்ல சிப்பாய்ங்க பேரோட பேசினாங்க, கையில ஆவணம் இருந்துச்சு, அதனால யாராலயும் அசைக்க முடியல. அந்த வித்தியாசத்தை அவர் உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கணும், கடைசிப் பகுதிய அவசரமா தாண்டிட்டார்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் குறைச்சது அதுக்குத் தான். என் காப்பி இப்போ தங்கச்சி கிட்ட, விஸ்காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறா, வக்கீல் ரூம் வர்ற பக்கத்துல பென்சில்ல கோடு போட்டுக் கொடுத்திருக்கேன்.