டெல்டா வயலுக்கு எந்த அகச்சிவப்பு ஃபிலிம்?

நெல், தண்ணீர், தென்னை. காவிரி டெல்டாவில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த மூன்றில் ஒன்று வந்து நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவுசெய்யும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் தலைகீழாக மாறுவதும் இவைதான். பச்சை வயல் வெளுத்துவிடும், தென்னை ஓலை மின்னும், வெண்ணாற்றுத் தண்ணீரும் மேலே இருக்கிற நீல வானமும் கறுத்துப்போகும். ஆனால் இந்த மாற்றம் எந்த ஃபிலிமில் எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்று புது ரோலாக வாங்கக்கூடியவற்றில் முக்கியமானவை இரண்டு: இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200, ரோலை இன்ஃப்ராரெட் 400. முதலாவது இங்கிலாந்தின் மொபர்லியில் தயாராவது. போக்குவரத்துக் கண்காணிப்புக் கேமராக்களுக்காக உருவானது என்பார்கள். இரண்டாவதன் பெட்டியில் ஜெர்மன் பெயர் இருந்தாலும், ஃபிலிமின் பிறப்பிடம் பெல்ஜியத்தின் மோர்ட்செலில் உள்ள அக்ஃபா-கேவர்ட் ஆலை. விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுக்க அங்கே தயாரித்த ஆவிஃபாட் ஃபிலிம்களின் வழிவந்தது. 2005-ல் திவாலானது சாதாரண மக்களுக்கான ஃபிலிம் விற்ற அக்ஃபாஃபோட்டோ. பெல்ஜிய ஆலை அதிலிருந்து தனி. அதனால்தான் அக்ஃபா போய்விட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகும் இந்த ஃபிலிம் வந்துகொண்டிருந்தது.

பெட்டியில் இருக்கும் 200, 400 என்ற ஐஎஸ்ஓ வேக எண்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஃபிலிமின் பார்வை எந்த அலைநீளத்தில் முடிகிறது என்று பாருங்கள். எஸ்எஃப்எக்ஸ் 720 நானோமீட்டரில் உச்சம் தொட்டு 740-ஐ ஒட்டி நின்றுவிடும். ரோலை 820 வரை போகும். 80 நானோமீட்டர் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். நெல் இலைக்கு அது சின்னதில்லை. பச்சையம் 680 வாக்கில் சிவப்பொளியை நன்றாக விழுங்கும். 700-ஐத் தாண்டியதும் இலை திருப்பி அனுப்பும் ஒளி கிடுகிடுவென ஏறும், 750-ஐக் கடந்த பிறகுதான் ஏற்றம் அடங்கும். எஸ்எஃப்எக்ஸுக்குக் கிடைப்பது அந்த ஏற்றத்தின் பாதிதான். ரோலை மேட்டின் உச்சியையும் பார்த்துவிடுகிறது. 720-க்கு மேல் மட்டும் விடும் ஆர்72 ஃபில்டரைப் போட்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: எஸ்எஃப்எக்ஸுக்கு மிஞ்சுவது ஒரு கீற்று ஒளிதான். எஸ்எஃப்எக்ஸோடு ஆர்72-க்குப் பதில் அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு, வானம் கறுத்து இலை ஓரளவு வெளுத்தால் போதும் என்று இருப்பதே நல்லது.

வேகக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஆர்72 போட்டால் ரோலையை ஏறக்குறைய 12 ஐஎஸ்ஓ என்று வைத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் லென்ஸ் துளை எஃப்/8 என்றால் 1/50 நொடி வரும். எஸ்எஃப்எக்ஸ் 6 பக்கம் இறங்கிவிடும். கடைமடைக் காற்றில் தென்னை ஓலை சும்மா இருக்காது, 1/25-ல் ஸ்டாண்டு போட்டாலும் ஓலை கலங்கும்.

சரி, ரோலையில் குறையே இல்லையா? இருக்கிறது. விமான ஃபிலிம் பாலியெஸ்டர் பட்டையில் வரும். கிழியாது, காய்ந்த பிறகு சுருளாது. ஆனால் நுனியில் விழும் வெளிச்சத்தை உள்ளே கடத்திவிடும். திருவையாற்றுப் படித்துறையில் நடுப்பகல் வெயிலில் நின்று ரோல் மாட்டினால் முதல் சில படங்கள் போய்விடும். வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். வெளியில் மாற்ற வேண்டியிருந்தால் நல்ல நிழல் வேண்டும். எஸ்எஃப்எக்ஸின் 35 மி.மீ. ரோல் அசிட்டேட் பட்டை என்பதால் இந்த வம்பு குறைவு. முதன்முறை எடுப்பவருக்கு அதைத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரோலை ரெட்ரோ 80எஸ் என்பதும் அதே விமான வம்சம். 750 வரை பார்க்கும், நுணுக்கம் அபாரம், ஆனால் நிழலை அப்படியே விழுங்கிவிடும். பெரிய கோவில் விமானத்துக்குப் பிடிக்கும், தோப்புக்குள் வேண்டாம்.

பழைய பெயர்களைத் தேடி அலைபவர்கள் உண்டு. கோடக் எச்ஐஇ 900 வரை பார்த்தது, பின்பக்கம் ஒளிச்சிதறல் தடுக்கும் பூச்சு இல்லாததால் வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும், 2007-ல் நின்றது. குரோவேஷியாவின் எஃப்கே ஐஆர்820-ம் 2012-ல் ஆலையோடு மூடப்பட்டது. பச்சையைச் சிவப்பாக்கும் வண்ண ஃபிலிமான கோடக் ஏரோகுரோமின் கதை தனி. இரண்டாம் உலகப் போரில் இலைதழைக்குள் மறைந்த எதிரியைக் கண்டுபிடிக்கப் பிறந்த வகை அது: உயிருள்ள இலை சிவக்கும், பச்சை வண்ணம் பூசிய துணி சிவக்காது. 1970 வாக்கில் விஞ்ஞானி பி.ஆர். பிஷரோட்டி தலைமையில், கேரளத்தில் தென்னை வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து ஆராய்ந்ததும் இவ்வகை வண்ண அகச்சிவப்புப் படங்களால்தான். வானிலிருந்து நிலத்தை ஆராயும் இந்தியாவின் தொலையுணர்வுத் துறை ஒரு தென்னந்தோப்பின் மேல் தொடங்கியது என்று பட்டுக்கோட்டைக்காரர்கள் தாராளமாகப் பெருமைப்படலாம். ஏரோகுரோம் 2009 வாக்கில் நின்றுபோனது. விமான அளவைப் பணிகள் டிஜிட்டலுக்கு மாறியபின் அதற்கு வாடிக்கையாளர் யார்? இப்போது ஏலத்தில் வருவது காலாவதியான சரக்கு. இவ்வகை ஃபிலிம் சூட்டில் சீக்கிரம் கெடும் என்பதால், ஃப்ரீசரில் இருந்ததா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். சிவப்பு வயல்தான் வேண்டுமென்றால், பழைய டிஜிட்டல் கேமராவில் சென்சார் முன்னிருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, மீதியைக் கணினியில் செய்வது மேல்.

ஒரு காலத்தில் ஊட்டியில் நம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல் போட்டது. இப்போது எல்லாம் இறக்குமதிதான். அகச்சிவப்பு ரோல் ஆன்லைனில் வருவதும் போவதுமாக இருக்கும். பார்த்தால் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், காலம் வரும்போது கையில் இருக்கும். காலம் என்று சொல்வது மார்கழியின் பின்பாதியைத்தான். மழை விட்டிருக்கும், சம்பா இன்னும் முழுக்கப் பழுக்காமல் பச்சை பிடித்திருக்கும். தை பிறந்து கதிர் மஞ்சளாகிவிட்டால் வயலின் வெண்மை மங்கும். காலைப் பனியோடு படமெடுக்கக் கிளம்ப வேண்டாம். வறண்ட புகைமூட்டத்தை அகச்சிவப்பு ஊடுருவும், பனியின் நீர்த்துளிகளிடம் அது செல்லாது. ஒன்பது மணி ஆகட்டும்.

வீட்டில் கழுவுபவர்களுக்கு: குழாய்த் தண்ணீரை நம்பி டெவலப்பர் கலக்காதீர்கள், மார்கழியிலும் அது 20 டிகிரியில் இருக்காது. ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு 20-க்கு இறக்கி, அதற்குள் டேங்கையும் கடைசி அலசலுக்கான தண்ணீரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.