துப்ரோவ்னிக்கா, ஸ்பிளிட்டா? குரோஷியாவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

குரோஷியாவுக்கு விசா வந்துவிட்டது, கையில் ஐந்து இரவு இருக்கிறது, எங்கே தங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் ஸ்பிளிட் என்றுதான் சொல்வேன். உடனே முகம் வாடிவிடும். அவர்கள் மனதில் இருப்பது துப்ரோவ்னிக். ரீல்ஸில் பார்த்தது, டிராகன் பறக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரில் பார்த்தது எல்லாம் அந்த ஊர் மதில்தானே. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று இரவு ஸ்பிளிட், கடைசி இரண்டு இரவு துப்ரோவ்னிக், இதுதான் என் கணக்கு. ஐந்தையும் துப்ரோவ்னிக்கில் போட்டால் மூன்றாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் அதே தெருவில் ஐஸ்கிரீமோடு நடந்துகொண்டிருப்பீர்கள்.

சரி, துப்ரோவ்னிக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த மதிலுக்கு ஈடு ஸ்பிளிட்டில் எதுவும் இல்லை, இதில் வாதமே கிடையாது. 1,940 மீட்டர் சுற்றளவு, சில இடங்களில் 25 மீட்டர் உயரம். ஒரு பக்கம் ஏட்ரியாட்டிக் கடல், இன்னொரு பக்கம் காலடியில் ஊர் முழுவதும் ஓட்டுக்கூரை. அந்தக் கூரைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சில ஓடுகள் வெயிலில் வெளுத்து மங்கலாக இருக்கும், பெரும்பாலானவை பளிச்சென்று செம்மஞ்சளாக இருக்கும். யூகோஸ்லாவிய ராணுவத்தின் 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்து பாழான கூரைகளுக்குப் புதிதாகப் போட்டவைதான் அந்தப் பளிச்சென்ற ஓடுகளில் நிறைய. எந்த வீட்டுக்கு அடி விழுந்தது என்பது மேலிருந்து பார்க்கும்போதே தெரிகிறது.

மதிலில் ஏற டிக்கெட் 40 யூரோ பக்கம் ஆகிவிட்டது. நாலு பேர் குடும்பம் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வெறும் மதில் டிக்கெட்டை வாங்காமல் துப்ரோவ்னிக் பாஸ் என்று கேளுங்கள், ஏறக்குறைய அதே விலையில் மதிலோடு சில அருங்காட்சியகங்களும் ஊர் பஸ்ஸும் சேர்ந்து வரும். காலையில் திறந்ததும் ஏறிவிடுங்கள். மேலே நிழல் என்பதே இல்லை, ஜூலையில் பதினொரு மணிக்கு ஏறினவர்கள் தோசைக்கல்லில் நடந்த மாதிரிதான் இறங்கி வருகிறார்கள். மதிலுக்கு வெளியே, பாறை மேல் தனியாக நிற்கும் லோவ்ரியேனாட்ஸ் கோட்டைக்கும் அதே டிக்கெட் செல்லும். உலகத்துப் பொன்னையெல்லாம் கொட்டிக் கொடுத்தாலும் விடுதலையை விற்பதற்கில்லை என்று அதன் வாசலில் லத்தீனில் பொறித்து வைத்திருக்கிறார்கள். விடுதலையைத்தான் விற்க மாட்டார்கள் போல, மற்றதற்கெல்லாம் விலைப்பட்டியல் உண்டு.

கூட்டம்தான் இந்த ஊரின் வியாதி. கப்பலில் வந்து காலையில் இறங்கி மாலையில் போய்விடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், 4,000 பயணிகள் என்று நகராட்சி 2019-லிருந்து கட்டுப்பாடு வைத்த பிறகும், நண்பகலில் பழைய ஊருக்குள் போகும் பிலே வாசலில் தோளோடு தோள் உரசித்தான் நுழைய வேண்டும். அதே வாசல் இரவு ஒன்பது மணிக்கு வேறு ஊரின் வாசல் மாதிரி இருக்கும். ஸ்ட்ராடுன் என்கிற அந்த நடுத்தெரு முந்நூறு மீட்டர்தான், நூற்றாண்டுகளாகக் கால்பட்டுத் தேய்ந்த சுண்ணாம்புக்கல்லில் விளக்கு வெளிச்சம் விழும்போது அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்த தெரு போலத் தெரியும். 1667 நிலநடுக்கத்தில் ஊரில் பெரும்பகுதி இடிந்து போய், மறுபடி திட்டம் போட்டுக் கட்டினார்கள். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள் அச்சில் வார்த்தது போல ஒன்றாக நிற்பது அதனால்தான். இதையெல்லாம் பார்க்க அங்கே படுத்து எழுந்தால்தான் முடியும். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்குக் கிடைப்பது நெரிசலும் வெயிலும்தான்.

தங்குவதற்கு மதிலுக்குள் வீடு பிடிப்பது கேட்க அழகாக இருக்கும். நான் அப்படிப் பிடித்து, இருபத்திரண்டு கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துப் படிகளில் ஏறினேன். எத்தனை படி என்று நூறுக்கு மேல் எண்ணவில்லை. வீட்டு உரிமையாளர் அனுப்பிய குறிப்பில் 'சில படிகள் உண்டு' என்று மட்டும் இருந்தது. முழங்கால் வலிக்காரர்கள், குழந்தையோடு போகிறவர்கள் மதிலுக்கு வெளியே லாபாட் பக்கம் தங்குங்கள், ஆறாம் நம்பர் பஸ் பிலே வாசலில் கொண்டுவந்து விடும்.

இப்போது ஸ்பிளிட். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-ல் பதவியை விட்டுவிட்டு வந்து ஓய்வெடுக்கக் கட்டிக்கொண்ட அரண்மனை, அதுதான் ஊரின் நடு. ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து சலோனா நகரம் அழிந்தபோது அங்கிருந்து ஓடிவந்தவர்கள் இந்தச் சுவர்களுக்குள் குடியேறினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஆள் குடியிருக்கிறது. ரோமானியத் தூணில் சாய்த்து ஒருவர் சைக்கிள் வைத்திருப்பார், அதற்கு மேலே இரண்டு ஜன்னலுக்கு நடுவே துணி காயும். உள்ளே நடக்க டிக்கெட் கிடையாது. நிலவறைகள், மணிக்கூண்டு, பேராலயம் போன்றவற்றுக்குத்தான் கட்டணம்.

எனக்கு இங்கே மிகப் பிடித்தது பேராலயம். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியதில் பேர்போன டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிய கல்லறை மண்டபம் அது. இன்று அது புனித டோம்னியஸின் ஆலயம். அந்த டோம்னியஸ் யார் என்றால், அதே டயோக்ளீஷியன் காலத்தில் கொல்லப்பட்ட சலோனா பிஷப். பேரரசரின் கல் சவப்பெட்டி போன இடம் தெரியவில்லை. கர்மா என்ற சொல்லை நம் ஆட்கள் கண்ட இடத்திலும் போடுகிறார்கள், இங்கே போட்டால் பொருந்தும். மனிதர் ஓய்வில் தோட்டம் போட்டாராம். பதவிக்குத் திரும்பி வாருங்கள் என்று அழைத்தவர்களிடம், என் கையால் நட்ட முட்டைக்கோஸைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று சொன்னதாகக் கதை உண்டு. அரண்மனையின் கிழக்கு வாசலுக்கு வெளியே இன்றும் காய்கறிச் சந்தை கூடுகிறது.

சந்தை என்றதும் சாப்பாடு. சைவக்காரர்களுக்கு இரண்டு ஊரிலும் கஷ்டம்தான், ஆனால் ஸ்பிளிட் பக்கத்தில் சோபர்னிக் கிடைக்கும். மெல்லிய இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே கீரையும் வெங்காயமும் வைத்துச் சுட்டு, மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவியது. நம் நாக்குக்குக் காரம் போதாது, பையில் ஒரு மிளகாய்ப்பொடி டப்பா இருந்தால் தேவலை.

கடலைப் பொறுத்தவரை, நீரின் நிறத்துக்குத் துப்ரோவ்னிக், இறங்கி விளையாட ஸ்பிளிட். துப்ரோவ்னிக்கின் பான்யே கடற்கரை கூழாங்கல், செருப்பில்லாமல் நடந்தால் ஆட்டம் போட வேண்டிவரும். ஸ்பிளிட்டின் பாச்விட்சேயில் மணல், ரொம்ப தூரத்துக்கு முழங்கால் அளவுதான் தண்ணீர். அதில் நின்றுகொண்டு சின்னப் பந்தைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டே இருக்கும் பிட்சிகின் என்ற ஆட்டத்தை ஊர்க்காரர்கள் ஆடுவார்கள், பெரியவர்களும் பையன்கள் மாதிரி பாய்ந்து பாய்ந்து விழுவதைப் பார்க்கவே ஒரு மாலை போகும்.

பக்கத்து இடங்களுக்குப் போவதிலும் ஸ்பிளிட்தான் மேல். கப்பல் துறை, பஸ் நிலையம், ரயில் நிலையம் மூன்றும் ஒட்டி ஒட்டி, அரண்மனையிலிருந்து நடக்கிற தூரத்தில். பிராச் தீவுக்குப் படகில் ஐம்பது நிமிடம். ஹ்வார் தீவுக்கு ஒரு மணி நேரம். ட்ரோகிர் என்ற பழைய ஊருக்கு உள்ளூர் பஸ்ஸே போகிறது. கிர்கா அருவியில் குளிக்கிற படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுப் போகாதீர்கள், பெரிய அருவியில் 2021-லிருந்து இறங்க விடுவதில்லை. துப்ரோவ்னிக்கில் ரயிலே கிடையாது, பஸ் நிலையமும் பழைய ஊரிலிருந்து தள்ளி க்ருஷ் துறைமுகத்தில். கால் மணி நேரப் படகில் போகும் லோக்ரும் தீவு மட்டும் அருமை, மயில்கள் காலடியில் திரியும்.

முக்கியமான ஒன்று விசா. துப்ரோவ்னிக்கில் நாலடிக்கு ஒரு கடையில் மான்டினீக்ரோவின் கோட்டோர், போஸ்னியாவின் மோஸ்டார் என்று ஒருநாள் சுற்றுலா விற்பார்கள். 2023 ஜனவரியிலிருந்து குரோஷியா ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் இருக்கிறது, அந்த இரண்டு நாடும் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவில் இந்திய பாஸ்போர்ட்டோடு அந்தப் பக்கம் போனால் திரும்பி உள்ளே வர முடியாது, பெட்டி மட்டும் துப்ரோவ்னிக்கில் இருக்கும். ஸ்பிளிட்டிலிருந்து வருகிற பஸ்ஸிலும் இதைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவைத் தொட்டுத்தான் வரமுடியும், 2022 ஜூலையில் பேலெஷாட்ஸ் பாலம் திறந்தபிறகு எல்லை தாண்டாமலே வரலாம். ஆனாலும் சில பஸ்கள் பழைய வழியில் போகின்றன, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற பாதை இது, ஸ்பிளிட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஸ்பிளிட்டில் இறங்கி துப்ரோவ்னிக்கிலிருந்து விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் போட்டால் ஒரே ஒருமுறைதான் அந்தத் தூரம். சீசனில் என்றால் பஸ்ஸுக்குப் பதில் கேட்டமரான் படகு பிடியுங்கள், வெளியே நின்று காற்று வாங்க இடம் இருக்கும் படகா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.